வேகம் இருக்கிறது, நிற்கத் தெரியவில்லை: இளம் பாயின்ட் கார்டின் குறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடைப்பந்து பார்க்கும் நண்பர்களும், ஆடும் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன. ஓட்டத்திலும் குதிப்பிலும் எல்லோரையும் மிஞ்சும் ஓர் இளம் பாயின்ட் கார்டு ஓர் எல்லைக்கு மேல் வளராமல் நின்றுவிடுவது ஏன்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் விடைகளை எழுதி வைத்துவிட்டேன். அமெரிக்காவின் என்பிஏ தொடரில் வாஷிங்டன் விசார்ட்ஸ் அணிக்காக ஆடிய ஜான் வாலின் முதல் நான்கு ஆண்டுகளே இங்கே முதன்மையான எடுத்துக்காட்டு.

1. பாயின்ட் கார்டு என்றால் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்தானே? அதற்கு வேகம் இருந்தால் போதாதா?

பந்தைக் கொண்டுவருவது அந்த வேலையின் தொடக்கம் மட்டுமே. பந்து கைக்கு வந்த 24 நொடிகளுக்குள் அணி எறிந்தாக வேண்டும். அந்த நேரத்திற்குள் பந்து யாரிடம், எந்த இடத்தில், எந்தக் கணத்தில் போய்ச் சேர வேண்டும் என்று முடிவெடுப்பவரே பாயின்ட் கார்டு. மற்ற நால்வரும் தங்கள் ஆளை மட்டும் கவனித்தால் போதும். இவர் பத்துப் பேரையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வேகம் அவருக்கு முதல் தடுப்பாளரைக் கடந்து செல்லும் வாய்ப்பைத் தருகிறது. கடந்த பிறகு என்ன செய்வது என்பதை அது கற்றுத் தருவதில்லை. இந்தப் பக்கத்தில் வரும் எல்லாக் குறைகளும் அந்த இடைவெளியில் பிறந்தவைதான்.

2. எத்தனையோ பேர் இருக்கும்போது ஜான் வாலை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

அவருடைய குறைகள் எண்களில் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தன. அவை திருத்தப்பட்ட வரிசையும் எண்களிலேயே தெரிகிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு, 2010ஆம் ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 19. ஆறடி நான்கு அங்குல உயரமும், முழுக் கோர்ட்டையும் சில டிரிப்பிள்களில் (பந்தைத் தரையில் தட்டுவது) கடந்துவிடும் ஓட்டமும் அவருக்கு இருந்தன. முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 16.4 புள்ளிகளும் 8.3 அசிஸ்ட்களும் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்கள்) எடுத்தார். அந்த எண்களைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

கூடவே வந்த மற்ற எண்களைப் பாருங்கள். அந்த ஆண்டு அவர் எறிந்தவற்றில் 40.9 விழுக்காடுதான் உள்ளே விழுந்தது, ஆட்டத்துக்கு 3.8 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். இரண்டாம் ஆண்டான 2011-12இல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 42 முறை எறிந்து மூன்றே மூன்றை மட்டும் போட்டார். பூங்காவில் ஆடும் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாகப் போடுவார்கள் என்று அப்போது கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். 2013-14இல் அதே மனிதர் 308 முறை எறிந்து 108 போட்டார், ஆல்-ஸ்டார் சிறப்பு ஆட்டத்துக்குத் தேர்வானார், அவருடைய அணி 2008க்குப் பிறகு முதன்முறையாகப் பருவத்தின் இறுதிச் சுற்றுகளான பிளே-ஆஃபுக்குச் சென்றது.

3. ஃபாஸ்ட் பிரேக்கில் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. அப்புறம் வேகம் எப்படிப் பலவீனம் ஆகும்?

பந்து கிடைத்ததும் எதிரணி நிலைகொள்வதற்குள் பாய்ந்து தாக்குவதே ஃபாஸ்ட் பிரேக். அதில் எதிரணியினர் பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிரே ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். கோர்ட் திறந்து கிடக்கும். அங்கே வேகம் மட்டுமே போதுமானது. ஆனால் ஓர் ஆட்டத்தின் பெரும்பகுதி, குறிப்பாகக் கடைசி ஐந்து நிமிடங்களும் பிளே-ஆஃப் ஆட்டங்களும், பாதிக் கோர்ட்டில் ஐந்து பேரும் தங்கள் இடத்தில் நிலைகொண்டிருக்கும்போது நடக்கிறது. முதல் ஆளை நீங்கள் தாண்டியவுடன், உங்களுக்காகவே காத்திருக்கும் இரண்டாம் ஆள் ஓரடி நகர்ந்து பாதையில் நிற்கிறார்.

முழு வேகத்தில் வரும் இளைஞருக்கு அப்போது மூன்றே வழிகள்தான் உண்டு. நிற்பவர் மேல் மோதி சார்ஜிங் ஃபவுல் வாங்கலாம். இருவருக்கு மேலே எம்பி நிலைதடுமாறிய ஒரு லேஅப் (ரிங்குக்கு மிக அருகிலிருந்து போடுவது) எறியலாம். அல்லது எம்பிய பிறகு காற்றில் இருந்துகொண்டு யாருக்காவது பந்தைக் கொடுக்கலாம். மூன்றுமே எதிரணிக்கு உவப்பானவை. அந்த இடத்தில் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றுவிடத் தெரிந்தவருக்கு நான்காவதாக ஒரு வழி திறக்கிறது: எட்டிலிருந்து பன்னிரண்டு அடித் தொலைவில் எவரும் எதிர்க்காத ஓர் எறிதல்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எப்போதும் ஒரே வேகத்தில் வருபவர் எத்தனை வேகமானவராக இருந்தாலும் அவருடைய தாளத்தை எதிரணி பிடித்துவிடும். என்பிஏவின் மற்றொரு பாயின்ட் கார்டு கிறிஸ் பாலைக் கவனியுங்கள். உயரமோ குதிப்போ பெரிதாக இல்லாத அவர், தடுப்பாளரைக் கடந்த உடனே வேகத்தைக் குறைத்து அவரைத் தம் முதுகிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். பின்னால் இருப்பவர் முன்னே வர முடியாது, முன்னால் இருக்கும் உயரமானவர் அவரை நோக்கி வருவதா, தம் ஆளிடம் திரும்புவதா என்று தடுமாறுவார். ஸ்டீவ் நேஷ் ரிங்குக்கு அடியில் புகுந்து, டிரிப்பிளை நிறுத்தாமல் மறுபக்கமாக வெளியே வந்துவிடுவார். அதற்குள் யாராவது ஒருவர் எறிவதற்கு இடம் கிடைத்து நிற்பார். இருவருமே வேகத்தை ஒரு கருவியாகத்தான் வைத்திருந்தார்கள். அதைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

4. "ஸ்கிரீனுக்குக் கீழே போகிறார்கள்" என்று வர்ணனையில் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன? அதில் என்ன அவமானம்?

பாயின்ட் கார்டைத் தடுப்பவரின் வழியில் உயரமான சக வீரர் ஒருவர் தூண் போல வந்து நிற்பதுதான் ஸ்கிரீன். தடுப்பாளருக்கு இப்போது இரண்டு பாதைகள் இருக்கின்றன. தூணுக்கும் பந்து வைத்திருப்பவருக்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு துரத்தலாம்; அதற்கு "மேலே போவது" என்று பெயர். அல்லது தூணின் பின்புறமாக, ரிங் இருக்கும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கத்தில் காத்திருக்கலாம். அதுதான் "கீழே போவது".

நன்றாக எறியத் தெரிந்தவரிடம் கீழே போனால், தூணின் மறைவில் நின்று அவர் நிதானமாக மூன்று புள்ளி எறிந்துவிடுவார். ஆகவே மேலே போய்த்தான் ஆக வேண்டும்; அப்போது தடுப்பாளர் ஓரடி பின்தங்குகிறார், அந்த ஓரடியிலிருந்துதான் நவீனத் தாக்குதல் முழுவதும் பிறக்கிறது. எறியத் தெரியாதவரிடமோ ஒவ்வொரு முறையும் கீழே போகலாம். "வேண்டுமானால் எறிந்துகொள்" என்று எதிரணி சொல்லாமல் சொல்கிறது. அவமானம் அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பும் இருக்கிறது. கீழே போனவர் மறுபக்கத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பதால், இந்த இளைஞரின் தலையாய ஆயுதமான முதல் அடியின் வேகம் அங்கே செல்லாக்காசாகிவிடுகிறது.

வால் 42இல் மூன்று போட்ட பருவத்தில் இதுதான் நடந்தது. அவரைத் தடுத்தவர்கள் பல அடி பின்வாங்கி நின்றார்கள். மின்னல் வேகத்தில் ஓடுபவருக்கு ஓட இடமே இல்லாமல் போனது.

5. அப்படியென்றால் மூன்று புள்ளி எறிதலைத்தானே முதலில் சரிசெய்ய வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் இங்கேதான் மாறுபடுகிறேன். வாலின் மூன்றாம் ஆண்டைப் பாருங்கள். முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் 2012-13 பருவத்தின் முதல் 33 ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அவற்றில் வாஷிங்டன் ஐந்தே ஆட்டங்களில் வென்றது. அவர் திரும்பி வந்து ஆடிய 49 ஆட்டங்களில் அதே அணி 24 வென்று 25 தோற்றது. மார்ச் மாதத்தில் மெம்பிஸ் அணிக்கு எதிராக அவர் 47 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் போட்ட மூன்று புள்ளிகள் எத்தனை தெரியுமா? 45 முறை எறிந்து 12.

ஆகவே மூன்று புள்ளி வருவதற்கு முன்பே ஆட்டம் மாறிவிட்டது. மாறியது எது? நடுத்தூரத்தில் நின்று எறியும் துணிவும், அதற்குத் தேவையான நிறுத்தமும். அவருடைய மொத்த எறிதல் விழுக்காடு 40.9, 42.3, 44.1 என்று மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஏறியது, இரண்டாம் ஆண்டில் 3.9ஆக இருந்த டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) மூன்றாம் ஆண்டில் 3.2ஆகக் குறைந்தது. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறிவது) கோட்டின் இரு மூலைகளிலும் அவர் எறிதலுக்கு எதிரணி மதிப்புக் கொடுக்கத் தொடங்கியதும், பின்வாங்கி நின்றவர்கள் மெல்ல மெல்ல முன்னே வந்தார்கள். அதன்பிறகு, நான்காம் ஆண்டில்தான், மூன்று புள்ளி வந்து சேர்ந்தது.

டோனி பார்க்கரின் கதையும் இதேதான். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் 2005இல் எறிதல் பயிற்சியாளராகச் சேர்ந்த சிப் எங்கெலண்ட், பார்க்கரின் பிடியைத் திருத்தியதோடு மூன்று புள்ளியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து, முதலில் நடுத்தூர எறிதலில் அவரை நிலைநிறுத்தினார். 2005-06இல் பார்க்கரின் எறிதல் விழுக்காடு 54.8, அவருடைய உயரத்தில் இருப்பவர்கள் கனவில் காணும் எண் அது. 2007 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

6. மற்றவர்களைவிட உயரமாகக் குதிக்கிறான், ஆனால் எறிந்தால் விழுவதில்லை. அவனுடைய எறிதலில் என்னதான் தவறு?

உயரமாகக் குதிப்பதே பாதித் தவறு. எறிதலுக்கு வேண்டிய விசை கால்களிலிருந்து புறப்பட்டு இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒரே ஓட்டமாக விரல் நுனிவரை வர வேண்டும். குதிக்க வல்லவர்கள் முதலில் முழு உயரத்துக்கு எம்பிவிட்டு, அங்கே ஒரு கணம் தொங்கி, பிறகு கையால் மட்டும் பந்தைத் தள்ளுகிறார்கள். கால்களின் விசை அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். கிட்டத்திலிருந்து எறியும்போது இது வெளியே தெரியாது. தூரம் கூடக் கூடப் பந்து ரிங்கின் முன்விளிம்பில் தட்டும்.

இரண்டாவது, ஓட்டத்தின் வேகத்தை உடல் முழுவதுமாக விட்டுவிடுவதில்லை. நின்றுவிட்டதாக அவர் நினைப்பார். தோள்கள் மட்டும் இன்னும் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும், அல்லது தடுப்பாளருக்கு அஞ்சிப் பின்னால் சாய்ந்திருக்கும். எறிந்தவர் எழும்பிய இடத்திலேயே திரும்ப இறங்குகிறாரா என்று மட்டும் பாருங்கள். பந்து விழுந்ததா என்று பார்க்கவே வேண்டாம். சோதனைக்கு அதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

7. டர்னோவர் அதிகம் என்றால் பந்தைக் காப்பாற்றத் தெரியவில்லை என்றுதானே பொருள்?

எப்போதும் அப்படி இல்லை. பந்து யார் கையில் அதிக நேரம் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் அது அதிகமாகத் தவறும். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 2016-17இல் பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது பெற்றபோது ஆட்டத்துக்குச் சராசரியாக 5.4 முறை பந்தை இழந்தார். அதனால் எண்ணிக்கையைவிட வகையைப் பார்ப்பதே பயன்தரும்.

சக வீரர் எங்கே ஓடுவார் என்று கணித்துக் கொடுத்த பாஸ் ஓரடி தள்ளிப் போய்ப் பந்து கோர்ட்டுக்கு வெளியே சென்றால், அது முயற்சியில் வந்த பிழை. எதிரணி பந்தை எல்லைக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், நம்மவர்கள் திரும்பி ஓட நேரம் இருக்கும். 3ஆம் விடையில் சொன்ன காற்றில் கொடுக்கும் பாஸ் அப்படிப்பட்டதல்ல. தரையை விட்ட பிறகு முடிவெடுப்பவருக்கு மனத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. எதிரணியினர் அவருடைய கண்களைப் பார்த்தே பந்து போகும் இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். அந்தப் பந்து பறிபோனால் மறுமுனையில் தடுப்பாரற்ற லேஅப்தான். பதறாத காரியம் சிதறாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நான் கோர்ட்டோரம் நின்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

இளையவர்களின் பாஸ் பெரும்பாலும் தவறான ஆளுக்குப் போவதில்லை. சரியான ஆளுக்கு அரை நொடி தாமதமாகப் போகிறது. ஸ்கிரீன் கொடுத்தவர் ரிங்கை நோக்கி உருளும்போது அவருடைய கை திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. "இதோ திறந்திருக்கிறார்" என்று கண்ணால் பார்த்த பிறகு கொடுத்தால் தாமதம். திறக்கப்போகிறார் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

8. இடது கையால் டிரிப்பிள் செய்கிறான். அது போதாதா?

டிரிப்பிள் செய்வது வேறு, அந்தக் கையால் வேலையை முடிப்பது வேறு. இடப்பக்கமாக உள்ளே புகுந்துவிட்டுக் கடைசி அடியில் பந்தை வலக்கைக்கு மாற்றுகிறவர், பந்தைத் தடுப்பாளரின் கைக்கு நேராகக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். இடது கையால் போர்டில் பட்டு விழும் லேஅப்பும், டிரிப்பிளிலிருந்து பந்தை இரண்டு கையாலும் பிடிக்காமல் இடது கையாலேயே தள்ளிவிடும் பாஸும் வர வேண்டும். இரண்டாவதைப் பயிற்சியில் எவரும் செய்வதே இல்லை.

9. உயரம் குறைவு என்பதால்தான் ரிங் அருகே தவறவிடுகிறானா?

பெரும்பாலும் இல்லை. தம்மைவிட ஓரடி உயரமானவர் எம்புவதற்கு முன்பே பந்தை மேலே விட்டுவிடும் ஃப்ளோட்டர் என்ற எறிதல் எதற்காக இருக்கிறது? 5ஆம் விடையில் சொன்ன பார்க்கர் அதை வைத்தே பிழைத்தார். குதிக்க வல்லவர்கள் அதைக் கற்றுக்கொள்வதில்லை. பள்ளியில் எல்லோர் தலைக்கும் மேலே எம்பிப் போட்டுப் பழகியவருக்கு, மெதுவாகத் தூக்கிப் போடும் எறிதல் கோழைத்தனமாகத் தெரிகிறது.

10. இவ்வளவு வேகமும் நீளமான கைகளும் இருந்தும் தடுப்பாட்டத்தில் ஏன் ஏமாறுகிறார்கள்?

பறிக்க ஆசைப்படுவதால். எதிரணியின் பாஸில் கைநீட்டிப் பறித்துக்கொண்டு தனியே ஓடிச் சென்று, பந்தை ரிங்குக்குள் திணித்து டங்க் செய்வது போல அரங்கத்தை எழுப்புவது வேறெதுவும் இல்லை. ஆனால் நான்கு முறை பாய்ந்து ஒரு முறை பறித்தால், மற்ற மூன்று முறை அவருடைய ஆள் தடையின்றி உள்ளே போயிருக்கிறார்; புள்ளிப்பட்டியலில் அந்த ஒரு பறிப்பு மட்டும் எழுதப்படும், மற்ற மூன்றும் பின்னால் நின்று காத்த உயரமானவரின் கணக்கில் ஃபவுலாகப் போய்ச் சேரும்.

ஸ்கிரீனில் மாட்டிக்கொள்வதும் பொதுவான குறைதான். பந்து வைத்திருக்கும்போது காட்டும் உடல் நெகிழ்வை, தூண் போல நிற்பவரைச் சுற்றி நெளிந்து செல்வதில் இளையவர்கள் காட்டுவதில்லை, மோதியதும் நின்றுவிடுகிறார்கள். இவை திருத்த முடியாதவை அல்ல. வால் 2014-15இல் தடுப்பாட்டத்துக்கான இரண்டாம் சிறப்பு அணியில் இடம் பிடித்தார்.

11. ஃப்ரீ த்ரோவைப் பற்றி யாரும் பேசுவதில்லையே. அது அவ்வளவு முக்கியமா?

உள்ளே புகுந்து ஆடுபவருக்கு அதுதான் கூலி. அடி வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போய் இரண்டையும் தவறவிட்டால் எதற்காக உள்ளே போனார்? வாலிடம் இந்தக் குறை இல்லை. முதல் ஆண்டில் சுமார் 77 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 80. அசையாமல் நின்று எறியும்போது சரியாக விழுகிறது, ஓடிவந்து எறியும்போது விழவில்லை என்றால், கை திருந்தியதுதான், கால்தான் திருந்தவில்லை என்று அறியலாம். 6ஆம் விடைக்கு அது நல்ல சான்று.

இதற்கு நேர்மாறானவர் பென் சிம்மன்ஸ். 2021 பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவர் ஃப்ரீ த்ரோவில் 34.2 விழுக்காடு மட்டுமே போட்டார். அந்தக் கோட்டுக்குப் போக நேருமோ என்ற அச்சம் ஆட்டத்தின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ரிங்குக்கு அடியில் எம்பிப் போட வேண்டிய பந்தை அவர் வேறொருவருக்குக் கொடுத்தது இன்றும் பேசப்படுகிறது. சிம்மன்ஸின் உடல்திறனில் யாரும் குறை சொன்னதில்லை.

12. பந்து கையில் இருந்தால் நன்றாக ஆடுகிறாள், இல்லாவிட்டால் நின்று வேடிக்கை பார்க்கிறாள். என்ன செய்வது?

சிறு வயதிலிருந்து பந்து எப்போதும் தன்னிடமே இருந்து பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும் குறை. எறியத் தெரியாத ஒருவர் பந்தில்லாமல் நின்றால், அவரைத் தடுப்பவர் அவரை விட்டுவிட்டு ரிங்குக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். அப்போது உங்கள் அணி நால்வராகத்தான் தாக்குகிறது. எறிதல் வரும்வரைக்கும் ஒரு வழி இருக்கிறது: தடுப்பாளர் தலையைத் திருப்பிப் பந்தைப் பார்க்கும் அந்தக் கணத்தில் அவருடைய முதுகுக்குப் பின்னால் ரிங்கை நோக்கி வெட்டி ஓடுவது. வேகம் உண்மையிலேயே முழுப்பயன் தரும் இடம் அது. நாளைக்கே தொடங்கலாம்; இதற்குத் தனித்திறன் எதுவும் தேவையில்லை, கவனம் மட்டும் போதும்.

13. உண்மையைச் சொல்லுங்கள்: வால் தேறினாரா, அவருக்குக் கிடைத்த கூட்டாளிகள் தேறியவர்களா?

இரண்டும்தான், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். முதல் ஆண்டில் வாஷிங்டன் 23 ஆட்டங்கள் மட்டுமே வென்றது. பிறகு 2012 மார்ச்சில் நெனே வந்தார்; அந்தக் கோடையில் டிராஃப்டில் பிராட்லி பீலும், வணிகப் பரிமாற்றத்தில் டிரெவர் அரிசாவும் வந்தார்கள்; 2013 அக்டோபரில் மார்சின் கோர்டாட் சேர்ந்தார். அரிசா 2013-14இல் மூன்று புள்ளி எறிதல்களில் 40.7 விழுக்காடு போட்டார். அவற்றில் பல, உள்ளே புகுந்த வால் மூலைக்குத் தள்ளிவிட்ட பந்துகள். அதே பாஸை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் தவறவிட்டிருந்தால் அது அசிஸ்ட்டாகவே எழுதப்பட்டிருக்காது. உயரமானவர்கள் போட்ட நல்ல ஸ்கிரீன்களும் அப்படித்தான். அவற்றுக்குப் புள்ளிப்பட்டியலில் இடமே இல்லை.

ஆனாலும் 42இல் மூன்று என்பதும் 308இல் 108 என்பதும் அவருடைய சொந்தக் கணக்கு. கூட்டாளிகள் வெட்டவெளியை உண்டாக்கித் தரலாம். அங்கே நின்று எறிவது அவர் கைதான். உங்கள் பிள்ளையின் அணியில் எறியத் தெரிந்தவர்கள் இல்லையென்றால், அவனுடைய அசிஸ்ட் எண்ணிக்கையை வைத்து அவனை எடைபோட வேண்டாம் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம்.

14. வெஸ்ட்புரூக்கும் டெரிக் ரோஸும் மூன்று புள்ளி இல்லாமலேயே எம்விபி ஆனார்களே? அப்புறம் எதற்கு இத்தனை பாடு?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது; அதன் அடிப்படையே பிழையானது. ரோஸ் 2009-10 பருவம் முழுவதும் 16 மூன்று புள்ளிகளே போட்டிருந்தார். எம்விபி ஆன 2010-11இல் 385 முறை எறிந்து 128 போட்டார், அதாவது சுமார் 33 விழுக்காடு. வெஸ்ட்புரூக்கின் வாழ்நாள் சராசரி 30 விழுக்காட்டை ஒட்டியது என்பது உண்மைதான். ஆனால் விருது பெற்ற 2016-17இல் அவர் 34.3 விழுக்காட்டில் 200 போட்டார். இருவருக்கும் அந்த உயர்ந்த ஆண்டு, எறிதல் ஓரளவு கைகொடுத்த ஆண்டாகவே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, 33, 34 என்பவை உயர்ந்த எண்கள் அல்ல என்பதுதான். வாலின் 35உம் சராசரியானதே. மூன்று புள்ளி எறிதலில் பெயர்பெற்ற ஸ்டீஃபன் கரி போல எறிய வேண்டியதில்லை. கீழே போனால் தண்டனை கிடைக்கக்கூடும் என்ற ஐயத்தைத் தடுப்பாளரின் மனத்தில் விதைத்தால் போதும். பத்தில் ஒன்று போடுபவரை எவரும் மதிப்பதில்லை. மூன்றில் ஒன்று போடுபவரை விட்டுவைக்க எந்தப் பயிற்சியாளரும் துணிவதில்லை.

15. நாங்கள் ஃபிபா (பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளில் ஆடுகிறோம். என்பிஏ எடுத்துக்காட்டுகள் எங்களுக்குப் பொருந்துமா?

இன்னும் கடுமையாகப் பொருந்தும். என்பிஏவில் 2001-02 முதல் தடுப்பாளர் ஒருவர் யாரையும் நெருங்கித் தடுக்காமல் ரிங்குக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. ஃபிபாவில் அந்த விதி இல்லை. உயரமான ஒருவர் அங்கேயே குடியிருக்கலாம். ஆகவே வேகத்தை மட்டும் நம்பி உள்ளே புகுபவருக்கு நம் ஆட்டத்தில் நெரிசல் அதிகம்; 3ஆம் விடையில் சொன்ன நிறுத்தமும் 9ஆம் விடையில் சொன்ன ஃப்ளோட்டரும் இங்கே இன்னும் தேவை. ஓர் ஆறுதலும் உண்டு: மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் நேர் எதிரே 7.24 மீட்டர், நமக்கு 6.75 மீட்டர்தான்.

16. வேகம் ஒரு நாள் போய்விடும். அதற்குப் பிறகு இத்தகைய ஆட்டக்காரர் என்ன ஆவார்?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. ஜேசன் கிட் எறியத் தெரியாதவர் என்று இளமையில் கேலி செய்யப்பட்டவர். முதல் ஆண்டில் மூன்று புள்ளியில் 27 விழுக்காடு. ஆண்டுக்கு ஆண்டு திருத்திக்கொண்டே போய், 38 வயதில் 2011இல் டல்லாஸ் அணியுடன் பட்டம் வென்றார். 2013இல் ஓய்வு பெறும்போது அவர் போட்டிருந்த 1,988 மூன்று புள்ளிகள் அன்றைய வரலாற்றுப் பட்டியலில் மூன்றாம் இடம். அவர் பார்வை இளமையிலேயே முதிர்ந்திருந்ததால் கால்கள் தளர்ந்தபோதும் வேலை போகவில்லை.

வாலுக்கு அவ்வளவு கால அவகாசம் கிடைக்கவில்லை. 2019இல் குதிகாலில் அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து அக்கிலிஸ் தசைநாண் முறிவு. 2020 டிசம்பரில் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டு வாஷிங்டன் வாங்கியது யாரை என்றால், வெஸ்ட்புரூக்கை. ஆனால் வாலைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் காட்டும் காணொளி 2017 மே 12ஆம் தேதியுடையது. பாஸ்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். தோற்றால் வாஷிங்டன் வெளியேற வேண்டும். இரண்டு புள்ளி பின்னடைவு. கடைசி 3.5 நொடிகள் மீதமிருக்கும்போது, உள்ளே புகாமல், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று அவர் எறிந்தார், 92-91.

17. எங்களுக்கு ஒரே ஒரு கோடை விடுமுறைதான் இருக்கிறது. எதில் தொடங்குவது?

முதல் இரண்டு வாரங்களுக்குப் பந்தை ரிங்கை நோக்கி எறியவே வேண்டாம். முழு வேகத்தில் டிரிப்பிள் செய்துகொண்டு வந்து, ஃப்ரீ த்ரோ கோட்டில் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்றி நின்று, தலை நிமிர்ந்து, மூலையில் நிற்பவர் எத்தனை விரல்களைக் காட்டுகிறார் என்று சொல்லட்டும். காலணி தரையில் வழுக்கும் ஓசை கேட்டால் அது கணக்கில் சேராது.

பிறகு அதே இடத்தில் நின்று எறிதல். 6ஆம் விடையில் சொன்னபடி, இறங்கும் இடத்தை மட்டும் ஒருவர் பக்கத்தில் நின்று கவனிக்கட்டும். இடது கை லேஅப்பையும் இடது கை பாஸையும் ஒவ்வொரு நாளும் களைப்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் அது நடக்காது. மூன்று புள்ளியைக் கடைசி வாரங்களில், நின்ற நிலையில், மூலையிலிருந்து மட்டும் தொடங்கலாம். டிரிப்பிளிலிருந்து எறியும் மூன்று புள்ளியை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பையன் கேட்கமாட்டான், முதல் நாளே அதைத்தான் எறிவான்.